ஒரு பைப்பில் எத்தனை வயர் போகலாம்?



கோடை வந்தால் பெரம்பலூர், அரியலூர் வட்டார வீடுகளில் புதிதாக ஏசி மாட்டுகிறோம். அதற்கான வயரைச் சுவருக்குள் இருக்கும் பழைய பைப்பிலேயே திணித்துவிடுவதும் உண்டு. இது ஆபத்து.

மின்சாரம் ஓடும்போது வயர் சூடாகும். சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். வெயிலில் காயும் கான்கிரீட் தளத்துக்குள் பைப் ஏற்கெனவே சூடாக இருக்கும். வயர்கள் நெருக்கியடித்தால் சூடு வெளியேறாது. உறை இளகி, ஷார்ட் சர்க்யூட் ஆகும். நெரிசலில் இழுக்கும்போதே உறை உரிந்துவிடுவதும் உண்டு.

மூன்று வயருக்கு மேல் போனால் பைப்பின் உள்ளிடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பொதுக்கணக்கு. 20 மி.மீ. பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. உறையோடு சுமார் 3.6 மி.மீ. கனமுள்ள 2.5 சதுர மி.மீ. வயர் அதில் 7 தான் போகலாம்.

இடம் இருந்தால் மட்டும் போதாது. முழுப் பளுவில் ஓடும் இரண்டு சர்க்யூட் ஒரே பைப்பில் சென்றால், வயர் தாங்கும் மின்னோட்டம் 20 சதவீதம் குறையும். மூன்று சென்றால் 30 சதவீதம்.

ஆகவே ஏசி, கீசர், மோட்டாருக்குத் தனிப் பைப்பும் தனி எம்சிபியும் வையுங்கள். எம்சிபி அடிக்கடி விழுந்தால் அதைவிடப் பெரியதை மாட்டாதீர்கள்; உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துக் காரணத்தைப் பாருங்கள். புது வீடு கட்டுவோர் தளம் போடும் முன்பே 25 மி.மீ. பைப் பதித்துவிடுங்கள். கூடுதல் செலவு சொற்பமே. உயிரும் உடைமையும் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றைக் காப்பது நம் கடமை.