பெரிய கோயில் சுவரில் 400 வீட்டு முகவரி! தெரியுமா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விழும்! சாயங்காலம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கதை எதற்கு? மெய்யான அதிசயம் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறதே!

1010-ல் விமானத்துக்குப் பொன்தகடு போர்த்திய கலசம் கொடுத்த முதலாம் இராசராசன், சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்தான். ஆடவும் பாடவும் வந்தவர்கள். எந்தத் தெரு, தென்சிறகா (தென்வரிசை) வடசிறகா, எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவள், பெயர் என்ன... அத்தனையும் கல்வெட்டில்! ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு என்ற விதிகூட உண்டு. அரசர்களின் பெயரைக் கல்லில் வெட்டாத நாடு எது? ஆடிய பெண்களைக் கதவிலக்கத்தோடு பொறித்ததுதான் என்னை மெய்சிலிர்க்க வைக்கிறது.

இன்னும் கேளுங்கள். பதிகம் பாட 48 பேர், உடன் கொட்ட இருவர். கணக்கர், குயவர், வண்ணார், தையற்காரர், விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர் என்று பட்டியல் நீள்கிறது. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லனுக்கு 'இராசராசப் பெருந்தச்சன்' என்ற பட்டம். முடி திருத்தியவருக்கும் மன்னன் பெயரிலேயே பட்டம், 'இராசராசப் பெருநாவிசன்'!

ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றை வளர்க்கும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இறைவன் நீராடும் தண்ணீர் மணக்க ஏலக்காய், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர். அவற்றை வாங்குவதற்கென்றே முதல் போட்டு வட்டி வரச் செய்திருக்கிறார்கள்!

விமானத்தின் மேல்தளத்தில் இன்னொரு வியப்பு. 108 நாட்டியக் கரணங்களில் 81-ஐ சிவபெருமானே ஆடிக் காட்டுகிறார். மீதி 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. ஏன் நின்றது உளி? கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை.

கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருந்தது. 1931-ல் அதைக் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. சிவபெருமான் தன் அடியார் சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்தி அவரைத் தடுத்தாட்கொண்ட கதை அங்கே ஒரு சுவர் முழுக்க விரிகிறது. கல்யாணம் நிற்கும் இடத்தில் பந்திக்குச் சமைக்கும் பாத்திரங்களைக்கூட அந்த ஓவியர் விடவில்லை!