அயலாருக்கு அனுப்பிய அரிசி

அயல்நாட்டில் மக்கள் பசித்திருக்கின்றனர் என்னும் செய்தி வந்தவுடனே, "உணவை ஏற்றி அனுப்புவதற்கு ஏன் இத்தனை தாமதம்?" என்று சபையாரும் மாணவரும் நம்மிடம் வினவுவதுண்டு. பாலஸ்தீன மக்களைக் குறித்தும் இவ்வினாவே எழுகிறது. நியாயமான வினாதான். ஆயினும் அதற்குரிய விடையை நமக்கு அண்மையில் நிகழ்ந்ததொன்றைக் கொண்டே ஆராய்வது நலம்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி ஏறத்தாழ வற்றிப்போயிற்று. தாள் வாங்க வழியின்றிப் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. பேராதனை மருத்துவமனையில் மருந்தின்றி அறுவைச் சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அந்நாடு அறிவித்தது. அதற்கு முன்னரே, மார்ச்சு 22 முதல், குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கலாயின.

ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது: 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள், ஆக 123 கோடி ரூபாய் மதிப்புள்ளவை. பொருளும் பணமும் மாநிலத்திடம் இருந்தன. அனுப்பும் உரிமை இல்லை. அயலுறவு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், அனுமதி வேண்டுவதே அத்தீர்மானத்தின் நோக்கமாயிருந்தது. அனுமதி கிடைத்தபின், மே 18 அன்று முதற்கப்பல் 9,000 டன் அரிசியுடன் சென்னையினின்று புறப்பட்டது.

இங்கு ஒன்று சிந்திக்கற்பாலது. இலங்கைத் தமிழருக்கு உதவவேண்டும் என்பதே தமிழகத்தின் முதல் எண்ணமாயிருந்தது. தமிழர்க்கு மட்டும் எனப் பிரித்து அனுப்பாமல் இலங்கை மக்கள் அனைவர்க்கும் அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் அங்குள்ள தமிழ்த் தலைவர்களே. அவர்கள் அவ்வாறு கேட்டது பெருந்தன்மையால் மட்டுமன்று என்று நாம் கருதுகிறோம். ஓர் இனத்தவர்க்கு மட்டும் வரும் உணவு, அண்டைவீட்டாரின் பசியையும் பகையையும் ஒருங்கே வளர்க்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1987ஆம் ஆண்டையும் அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள்களுடன் சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் அந்நாட்டின் இசைவின்றியே உணவுப் பொதிகளை வானிலிருந்து போட்டன. பொதிகள் பசித்தவர்க்கென்றே போடப்பட்டன. எனினும் அவற்றுள் ஓர் அரசியல் செய்தியும் இருந்தது. எருசலேமின் எளியவர்க்காகப் பவுல் திரட்டிய தருமப் பணமும், அங்கே ஏற்றுக்கொள்ளப்படுமோ என்னும் கவலையோடுதான் கொண்டுசெல்லப்பட்டது.

அரிசி சில கிழமைகளுக்கே போதும். நாடு மீண்டும் எரிபொருளும் மருந்தும் வாங்கவேண்டுமானால் பணம் வேண்டும். எரிபொருளுக்கு 50 கோடி டாலரும், உணவு, மருந்து முதலியவற்றுக்கு 100 கோடி டாலரும் இந்தியா கடன்வசதியாக அளித்தது. இது கையில் தரும் ரொக்கமன்று; பொருளை வாங்கிக்கொண்டு விலையைப் பின்னர்த் திருப்பிச் செலுத்தும் ஏற்பாடு. ஆகவே இதை நன்கொடை என்பது பொருந்தாது.

பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவியோ இன்னும் கடினமான வழியே வந்தது. 2022 செப்டம்பரில் அதன் அலுவலர் நிலையில் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால், பழைய கடனைச் சீரமைக்க இசைகிறோம் என்று கடன்கொடுத்த நாடுகள் முன்னரே உறுதி கூறினாலொழிய நிதியம் பணம் தராது. 2023 சனவரியில் இந்தியா அவ்வுறுதியை முதலாவதாக அளித்தது. சீனாவின் உறுதி மார்ச்சு வரை தாமதித்தது. மார்ச்சு 20 அன்று ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. இடைப்பட்ட ஆறு மாதங்களுக்கு மேலான காலத்தில் வரிசைகளில் காத்துநின்றவர்கள், இந்தக் கடிதப் போக்குவரத்தில் யாதொரு பங்கும் இல்லாத எளிய மக்களே. பாலஸ்தீனத்தில் 2006ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின், அரசுக்கு நிதி தர மறுத்த நாடுகள், மக்களுக்கு மட்டும் உதவி சேர்க்கத் தனியொரு தற்காலிக ஏற்பாட்டை வகுக்க நேர்ந்ததையும் இத்துடன் ஒப்பிட்டுக் காணலாம்.

நம் திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில், முந்தைய ஆண்டுகளில் கடல் கடந்து வந்தோர்க்கென மாநில அரசு கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. கூரை கிடைத்தது. குடியுரிமை வேறு வினா. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரைத் தன் வரம்பினுள் சேர்க்கவில்லை. அதை மாற்றும் அதிகாரமும், அரிசிக்கு அனுமதி தந்த அதே மத்திய அரசினிடமே உள்ளது.