ஈஸ்ட் குரோமோசோமின் நுனிகள்

ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட், ஒரே செல்லாலான பூஞ்சை. அதன் உட்கருவில் 16 குரோமோசோம்கள். அவற்றுக்கு 32 நுனிகள். ஒவ்வொரு நுனியிலும் ஏறத்தாழ 300 எழுத்து நீளத்துக்கு ஒரு விசித்திரமான பகுதி உண்டு. அங்கே ஓர் இழையில் டி, ஜி என்ற இரண்டு வேதி எழுத்துகள் மட்டுமே வரும்: ஒரு டி, பின் ஒன்றோ இரண்டோ மூன்றோ ஜி, மறுபடி டி. எந்தப் புரதத்துக்கும் செய்முறை சொல்லாத இந்தப் பகுதிதான் டெலோமியர்.

இதன் தேவை டி.என்.ஏ நகலெடுக்கும் முறையிலேயே இருக்கிறது. நகலெடுக்கும் நொதி வெறும் இழையில் தானாகத் தொடங்காது. ஒரு சிறு ஆர்.என்.ஏ துண்டைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கும். அந்தத் துண்டு பிறகு நீக்கப்படும். நடுப்பகுதியில் விழும் இடைவெளி நிரப்பப்பட்டுவிடும், நுனியில் அதற்கு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு செல் பிரிவிலும் மூன்று முதல் ஐந்து எழுத்துவரை தேயும். இந்த இழப்பை ஈடுசெய்வது டெலோமரேஸ் என்ற நொதி. தனக்கு வேண்டிய ஆர்.என்.ஏ அச்சைத் தன்னோடே வைத்திருக்கும் அது, நுனியில் புதிய எழுத்துகளைச் சேர்க்கிறது. 1989இல் விக்டோரியா லண்ட்பிளாடும் ஜாக் ஷோஸ்டாக்கும் இந்த வேலை நடக்காத ஒரு ஈஸ்ட் வகையைக் கண்டுபிடித்தார்கள். முதலில் அது நன்றாகவே வளர்ந்தது. பல பத்துத் தலைமுறைகள் கடந்ததும் வளர்ச்சி தளர்ந்து, பெரும்பாலான செல்கள் மடிந்தன.

நுனி மொட்டையாக முடிவதில்லை. ஜி மிகுந்த இழை பத்துப் பதினைந்து எழுத்து கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒற்றை இழையை சி.டி.சி.13 என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. அது இல்லையென்றால் எதிர் இழை அரிக்கப்படும்; டி.என்.ஏ அறுந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு செல் பிரிவதை நிறுத்திவிடும். இரட்டை இழைப் பகுதியில் வரிசையாக அமர்வது ராப்1 புரதம். நுனி நீண்டு ராப்1 அதிகம் சேர்ந்தால் டெலோமரேஸ் கட்டுப்படுகிறது. நுனி குறுகி அது குறைந்தால் மீண்டும் வேலை தொடங்குகிறது. நுனியின் நீளத்தைச் செல் அளந்துகொள்வது இப்படித்தான்.

டெலோமியருக்கு உட்புறம் எக்ஸ் என்ற பகுதி எல்லா நுனிகளிலும், ஒய்-பிரைம் என்ற பகுதி பல நுனிகளிலும் இருக்கும். இந்த அண்டைப் பகுதியில் வந்து சேரும் மரபணு அடிக்கடி வாயடைத்துப் போகும். 1990இல் டேனியல் காட்ஷ்லிங் குழு அடினின் தயாரிப்புக்கான மரபணு ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தது. அந்த மரபணு வேலை செய்தால் ஈஸ்ட் வெள்ளை. அடங்கினால் செல்லுக்குள் சிவப்பு நிறமி சேரும். வளர்ப்புத் தட்டில் கிடைத்தவை இரண்டு நிறமும் கலந்த வட்டங்கள்: சிவப்பில் வெள்ளைக் கீற்றுகள், வெள்ளையில் சிவப்புக் கீற்றுகள். மரபணுவின் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அடங்கிய நிலை பல தலைமுறைகள் தொடர்ந்து, பிறகு சட்டென மாறியிருந்தது. கண்ணால் பார்க்கக் கிடைத்த இந்தச் சான்று மிக அழகானது.

எல்லாப் பூஞ்சைகளும் ஈஸ்ட்டைப் போல அல்ல. நியூரோஸ்போராவின் நுனியில் மனிதர்களிடம் உள்ள டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி வரிசையே திரும்பத் திரும்ப வருகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸிலும் அதே வரிசைதான். நீளம் மட்டும் நூற்றுச் சொச்சம் எழுத்து. கேண்டிடா அல்பிகன்ஸில் திரும்ப வரும் அலகே 23 எழுத்து. நெற்பயிரில் குலைநோய் உண்டாக்கும் பூஞ்சையில் இந்த இடம் உழவருக்கும் முக்கியம். நெல்லின் பி-டா என்ற எதிர்ப்பு மரபணு அடையாளம் காணும் பூஞ்சை மரபணு, டெலோமியரை ஒட்டியே இருக்கிறது. நுனிப்பகுதி எளிதில் அறுந்து மாறக்கூடியது. அந்த மரபணு சிதைந்தாலோ தொலைந்தாலோ நெல்லால் பூஞ்சையைக் கண்டுகொள்ள முடியாது. எதிர்ப்பு ரகமும் நோய்க்கு ஆளாகும்.

ஈஸ்ட்டின் இன்னொரு வகையான பிளவு ஈஸ்ட்டுக்கு மூன்றே குரோமோசோம்கள். டெலோமரேஸை இழந்தபின் பிழைக்கும் செல்கள் சிலவற்றில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இரு முனைகளையும் சேர்த்து வளையமாகிவிடுகிறது. நுனியே இல்லாத அந்தச் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. ஆனால் பால் இனப்பெருக்கத்தில், முளைக்கக்கூடிய வித்துகளை உண்டாக்கத் திணறுகின்றன.