இணையவழிக் கல்வியும் கடல் கடந்த மாணவரும்

பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு அப்பாலுள்ள மாணவர்க்கும் கல்விப் பயன் நல்குதல் இணையத்தோடு தோன்றியதன்று. இணைந்த கல்லூரிகளிற் பயிலாதோரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின் வாயிலாக வழிவகுத்தது. 1865இல் மொரீசியசுத் தீவிலேயே அத்தேர்வு நடைபெற்றது. இன்றைய இணையவழிக் கல்வி அம்முயற்சியின் அண்மைக் கிளையேயாம். ஆதலின் இதன் நிறைகுறைகளை அறிய முன்னோடியை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

இலண்டன் முறையின் பயனுக்குத் தமிழுலகிலேயே சான்று உண்டு. விபுலாநந்த அடிகள் 1920இல், இலங்கையில் இருந்தவாறே, அப்பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்றார். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் இசைச் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராயும் பகுதிகள் அப்பயிற்சியின் தடத்தைக் காட்டுவனவாகும். எனினும், அம்முறை நல்கியது தேர்வேயன்றிப் போதனையன்று. கொழும்பில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை, இலண்டனில் வகுத்த பாடத்திட்டத்திற்கே தன் மாணவரை ஆயத்தம் செய்தது. கற்பிப்போர் ஓரிடத்தும் வினா வகுப்போர் வேறிடத்தும் இருந்தனர்.

இதற்கு நேர்மாறானது மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் 2001இல் அறிவித்த திட்டம். அது தன் பாடக்குறிப்புகளை எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு இணையத்தில் வைத்தது. தேர்வும் பட்டமும் அதன்கண் இல்லை. முன்னையது பாடமில்லாத் தேர்வு. பின்னையது தேர்வில்லாப் பாடம். இவ்விரண்டையும் ஒருங்கிணைக்க முயன்றது இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடம். அதிற் பதிந்தோர் ஏறத்தாழ 1,60,000 பேர். முடித்தோர் ஏறத்தாழ 23,000 பேர். இடையில் நின்றோர் அனைவரும் தோற்றவர் எனல் பொருந்தாது; அறியும் விருப்பால் மட்டும் வந்தோரும் அவருள் இருத்தல் கூடும். ஆயினும், பதிந்தோர் தொகை கற்றோர் தொகையாகாது என்பது தெளிவு.

குறைவது யாது? மாணவன் எழுதியதைப் படித்து மறுமொழி கூறும் ஆசிரியரே. இங்கிலாந்தில் 1969இல் நிறுவப்பெற்று 1971இற் கற்பிக்கத் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அச்சுப் பாடத்தோடும் ஒலிபரப்போடும் நில்லாது, மாணவர் கட்டுரைகளைத் திருத்திக் குறிப்பெழுதி அனுப்பும் ஆசிரியர்களையும் அமர்த்தியது. அதன் வலிமைக்கு இது தலையாய காரணமாம்.

தமிழ் கற்பித்தலில் இத்தேவை மிகுதி. 2001 பிப்ரவரி 17இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகின்றது. புலம்பெயர்ந்தோர் மக்களையும் கருதி, எழுத்தறிமுகம் முதலாகப் படிநிலைப் பாடங்களை அது அமைத்தது. வீட்டில் வேற்றுமொழி பேசி வளரும் சிறுவன் லகர, ளகர, ழகர வேறுபாட்டைச் செவியால் உணர்தல் அரிது. ஒலிப்பதிவு சரியான ஒலியைக் காட்டும். அவன் ஒலித்தது பிழையென்று கூறாது. திருத்துவார் இன்மையின் பிழை பழக்கமாகிவிடும்.

எனவே, நம் தமிழ்த்துறைகள் அயல்நாட்டு மாணவர்க்கு இணையவழிப் பாடம் வகுக்கப் புகுங்கால், விரிவுரைகளின் தொகையைப் பெருக்குமுன் மூன்றனை உறுதி செய்தல் வேண்டும். அவை, கற்போர்தம் மொழிச்சூழலுக்கு ஏற்ற பாடம், கற்பித்ததையே அளக்கும் தேர்வு, எழுதியதையும் பேசியதையும் திருத்தும் ஆசிரியர் என்பன. இவற்றுள் மூன்றாவதே பெருஞ்செலவுடையது. ஆகலின் முதலிற் கைவிடப்படுவதும் அதுவே. அதனைக் கைவிட்டால் நூற்கோவை எஞ்சும்; கல்வி எஞ்சாது.