ரோட்டில் நசுங்கும் நாவல் பழம்! தோப்புக்கு வருவது எப்போது?

ஆடி பிறந்தால் போதும். சென்னையில் பஸ் நிலைய வாசல், கோவில் வாசல், ரெயில் நிலையப் படிக்கட்டு என்று எங்கு பார்த்தாலும் கூடையில் நாவல் பழம் கருகருவென்று மின்னும்.

ஆபீஸ் விட்டு வருகிறவர் ஆசையாக விலை கேட்பார். "என்னம்மா, ஆப்பிள் விலை சொல்றே?" என்று முறைப்பார்.

"காலையில வாங்கினது சார். ராத்திரிக்குள்ள போகலேன்னா குப்பைக்குத்தான்" என்பார் கூடைக்கார அம்மா.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அதே நாளில் வெளியூர்ச் சாலையோரங்களில் நாவல் பழம் கொட்டிக் கிடக்கும். லாரிச் சக்கரத்தில் நசுங்கி ரோடே ஊதா நிறமாகும். அங்கே அள்ள ஆள் இல்லை. இங்கே வாங்கக் கட்டுப்படியாகவில்லை!

ஏறினால் ஆபத்து

நாவல் மரம் நெடுநெடுவென்று வளரும். கிளையோ சட்டென்று முறியும். உலுக்கினால் பழம் விழுந்து சிதறிவிடும். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஏறி, கையால்தான் பறிக்க வேண்டும். கால் தவறினால் அவ்வளவுதான்! அப்படிப் பறித்த பழமும் 2, 3 நாளுக்கு மேல் தாங்காது.

கொட்டை போட்டு வளர்த்தால் காய்க்க 8 முதல் 10 ஆண்டு ஆகும். அதிலும் ஒரு மரம் இனிக்கும். இன்னொரு மரம் தொண்டையைப் பிடிக்கும். எந்த விவசாயி இதை நம்பி நிலத்தை விடுவார்?

நெல்லி காட்டிய வழி

நெல்லியும் ஒரு காலத்தில் காட்டில் பொறுக்கி வந்து விற்ற காய்தான். நல்ல மரமாகப் பார்த்துத் தேர்வு செய்து ஒட்டுக் கட்டினார்கள். 'என்.ஏ.7', பவானிசாகரின் 'பி.எஸ்.ஆர்.1' போன்ற ரகங்கள் வந்தன. இன்று நெல்லி தோப்புப் பயிர்.

நாவலிலும் அந்த வேலை தொடங்கிவிட்டது. குஜராத் மாநிலம் கோத்ராவில் உள்ள மத்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'கோமா பிரியங்கா' என்ற ரகத்தைத் தந்திருக்கிறது. இந்த மரம் அதிக உயரம் போகாது. லக்னோ ஆராய்ச்சி நிறுவனத்தில் கொட்டை இல்லாத நாவலே வந்துவிட்டது!

ஒட்டு மரம் சீக்கிரம் காய்க்கும். தாழ்வான மரமாக இருந்தால் உயிரைப் பணயம் வைத்து ஏற வேண்டியதில்லை. நாவல் வறட்சியும் தாங்கும். தண்ணீர் தேங்கினாலும் நிற்கும். பக்கத்திலேயே சாறு பிழியவும், ஜாம் காய்ச்சவும் வசதி இருந்தால் மிஞ்சிய பழம் குப்பைக்குப் போகாது.

மண்ணில் விழுந்ததை அவ்வையார் ஊதித் தின்ற கதை எல்லோருக்கும் தெரியும். பழம் மண்ணில் விழுவதற்கு முன்பே பறிக்க வழி பிறந்தால், கூடைக்கார அம்மாவும் பிழைப்பார். ஆபீஸ்காரரும் அரைக் கிலோ கேட்டு வாங்குவார்.