ஹெரால்டின் ஆயில் சீலும் மூன்று எண்களும்

அணுபுரத்தில் என் மாமாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. தினமும் காலையில் எஞ்சினின் முன்பக்கத்துக்குக் கீழே ஓர் எண்ணெய்ப் பொட்டு. "பழைய வண்டின்னா அப்படித்தான் மாப்ளே" என்பார். ஆனா எண்ணெய் குறைஞ்சா பேரிங் போகும். பேரிங் போனா இந்த எஞ்சினுக்கு எங்கே போறது?

ஹெரால்டு நம்ம பக்கத்து வண்டி. 1961இல் தயாரிப்பு ஆரம்பம். வண்டலூர் பக்கம் இருந்தது தொழிற்சாலை. 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு வந்த காருக்கு 1968இல் இங்கே நாலு கதவு வைத்தார்கள். 1980களின் கடைசியில் அந்த நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றுபோனது.

ஒழுகியது டைமிங் கவர் சீல். கிராங்க் ஷாஃப்ட்டின் முன் நுனியில் மாட்டிய புல்லி, கவரைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். இரும்பு வளையம், ரப்பர் உதடு, உதட்டை அழுத்திப் பிடிக்க மெல்லிய சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்கணும்.

ரேடியேட்டர், பெல்ட், புல்லி, கவர் எல்லாம் கழற்றிப் புது சீல் போட்டேன். இரண்டே வாரத்தில் மறுபடி பொட்டு! தப்பு என்னுடையது. புல்லியின் கழுத்தை நான் பார்க்கவே இல்லை. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு பள்ளம். ரப்பர் இரும்பை அரிக்குமா? அரிக்கும். உதட்டில் சிக்கிய தூசி எமரித் தாள் மாதிரி வேலை செய்யும்.

பள்ளத்தின் மேல் கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் ஏற்றினால் போதும். அதே அளவு சீல் பொருந்தும். எஞ்சின் மூச்சு விடும் குழாயையும் சுத்தம் பண்ணணும். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எந்த சீலும் ஒழுகும். உதட்டில் எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்து நாலு பக்கமும் சமமாகத் தட்டி இறக்குங்கள். கவர் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, புல்லியை நுழைத்து, சீல் நடுவில் வந்தபிறகு முறுக்குங்கள்.

சீல் எங்கே கிடைத்தது? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். கடைக்காரர் வண்டிப் பெயரைக் கேட்கவே இல்லை. உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று மூன்று எண்களைத்தான் கேட்டார். பிரிட்டிஷ் வடிவமைப்பு என்பதால் அளவு அங்குலத்தில் இருக்கும். கிட்டத்தட்ட சரி என்று மில்லிமீட்டர் சீலை வாங்கிவிடாதீர்கள். கம்பெனி மூடினாலும் பார்ட் நம்பர் மறைந்தாலும், வெர்னியர் காலிப்பரால் அளக்க முடிகிறவரை சீல் கிடைக்கும்.

வண்டிக்கடியில் விரித்த அட்டை இப்போ காய்ந்துதான் கிடக்கிறது. மாமா மட்டும் இன்னும் தினமும் குனிந்து பார்க்கிறார்.