முதுகில் அஞ்சு கிலோ பொன்னி!

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடிகாலையில் நடக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். சுடிதார், கேன்வாஸ் ஷூ, முதுகில் என் மகன் காலேஜுக்குக் கொண்டுபோன பழைய பை. "என்ன டீச்சர், இந்நேரத்துக்கே ஸ்கூலா?" என்று கேட்காத ஆள் கிடையாது. 'பையை ஒழுங்கா மாட்டு'ன்னு முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டினதுக்குக் கிடைத்த பலன் என்று என் வீட்டுக்காரர் வேறு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பைக்குள்ளே புத்தகம் கிடையாது. பொன்னி அரிசி. கிலோ கிலோவாகக் கட்டின அஞ்சு பொட்டலம்!

தட்டில் அரிசிச் சோற்றைக் கண்டாலே தள்ளி உட்கார வேண்டிய ஒருத்தி, அதை முதுகில் கட்டிக்கொண்டு அலைவானேன்? சொல்கிறேன்.

2021-ல் எனக்கு இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷன் நடந்தது. அப்போது என் எடை 122 கிலோ. கூடவே சர்க்கரை, பிரஷர், ராத்திரியில் மூச்சு முட்டல். 'ஸ்லீவ்' என்கிறார்கள் இந்த ஆபரேஷனை. இரைப்பையில் முக்கால் பங்கு போல வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் மாதிரி நீளமாகத் தைத்துவிடுவார்கள். பசியைக் கிளப்புகிற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எறிந்த பகுதியில்தான். அதனால் பசியும் வாயை மூடிக்கொள்ளும். ஆறு இட்லிக்குப் பிறகும் "சட்னி மிச்சம் இருக்கே" என்று ஏழாவதை எடுத்த நான், அரை இட்லியில் கை கழுவினேன்.

ஒன்றரை வருஷத்தில் 50 கிலோ இறங்கியது. அரிசிக் கடைக் கணக்கில் ரெண்டு சிப்பம்! சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். என் பழைய ரவிக்கையை விரித்துப் பார்த்த மருமகள், "அத்தை, இதைப் பிரிச்சா எனக்கு ரெண்டு தைக்கலாம் போலிருக்கே" என்றாள்.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. 122 கிலோவில் கையை ஊன்றி 'யம்மாடி' என்று தானாக எழுந்தவள், 72 கிலோவில் யாராவது கை கொடுக்க மாட்டார்களா என்று பார்க்கிறேன். இதென்ன கூத்து!

டாக்டரிடம் கேட்டேன். "குறைஞ்சது அம்பதும் கொழுப்புன்னு நினைச்சுக்காதீங்கம்மா. தசையும் சேர்ந்துதான் போயிருக்கு. எலும்பையும் பார்த்துடுவோம்" என்று ஸ்கேனுக்கு எழுதினார். இடுப்பெலும்பின் அடர்த்தி இருக்க வேண்டியதைவிடக் குறைந்திருந்தது. இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் நடக்கிறதுதானாம். அதோடு எனக்கு மாதவிலக்கு நின்ற வயசு வேறு.

கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. இருக்கிற கால் வயிற்றைத்தான்! எங்கம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, எட்டு மாசம் கட்டிலோடு கிடந்துதான் போய்ச் சேர்ந்தாள். அந்த எட்டு மாசமும் அவளைப் புரட்டிப் போட்டுத் துடைத்தவள் நான். அதனால் 'எலும்பு தேய்வு' என்பது எனக்கு டிவி விளம்பரத்தில் வருகிற வார்த்தை இல்லை.

கொஞ்சம் யோசித்தால் சங்கதி புரிகிறது. குண்டாக இருக்கிறவர்களைச் 'சோம்பேறி' என்கிறது ஊர். உண்மையில் அவர்கள் காலையிலிருந்து ராத்திரிவரை இறக்கி வைக்காமல் சுமை தூக்குகிறவர்கள். ஸ்கூல் மாடிப்படியை நான் ஏறியதெல்லாம் ரெண்டு சிப்பத்தோடு! அதற்குத் தக்கபடி உடம்பும் தசையையும் எலும்பையும் கட்டி வைத்திருந்தது. திடீரென்று சுமை போனதும், கறாரான கணக்குப்பிள்ளை மாதிரி, "இந்தச் செலவு இனிமே எதுக்கு?" என்று கை வைக்கிறது. சாப்பாடும் சுருங்கிப்போனதால் புரோட்டீன் வரத்தும் குறைவு. கேட்க வேண்டுமா!

"புரோட்டீன் முதல்ல. அப்புறம்தான் மத்த சாப்பாடு. கால்சியம், வைட்டமின் மாத்திரையை ஆயுசுக்கும் விடாதீங்க. தசைக்குப் பயிற்சி கட்டாயம். நடக்கும்போது முதுகுல கொஞ்சம் சுமை வச்சுக்கலாம்" என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆன புதிதில் இதெல்லாம் கூடவே கூடாது. முதல் ஒன்றரை மாசத்துக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது. தையல் போட்ட இடம் பிதுங்கிக்கொள்ளும். முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்குகிற நிலையில் இருப்பவர்களும், மூட்டு வலிக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் பையைத் தொடவே வேண்டாம்.

ரெண்டு கிலோவில் ஆரம்பித்தேன். மூணாவது நாளே தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அப்போதுதான் கீழமாசி வீதியில் லோடுமேனாக இருக்கும் ஒருத்தர் எதிரே வந்தார். என் பழைய மாணவனின் அப்பா. பையை ஒரு பார்வை பார்த்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீக. சுமை இடுப்புக்குக் கீழ தொங்குது. இப்ப நீங்க மூட்டையைக் கூட்டிட்டுப் போகலை, மூட்டைதான் உங்களைக் கூட்டிட்டுப் போகுது."

வாரை இழுத்துப் பையை மேலே ஏற்றினார். பொட்டலங்கள் ஆடாமல் இருக்க ஒரு பழைய துண்டைச் சுற்றி, முதுகோடு ஒட்டினாற்போல வைத்தார். பக்கத்துக் கடையில் கயிறு வாங்கி இடுப்பிலும் ஒரு கட்டு. "முன்னாடி குனியாதீக. காலை எட்டி வைக்காதீக, கிட்டக் கிட்ட வைங்க." இன்றுவரை அந்தத் தோள் வலி திரும்பவில்லை. பி.எட்.டில் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் பாடம் எடுத்ததில்லை.

இப்போது வாரத்தில் மூணு நாள் மட்டும் பை. தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே; மூணு சுற்று. உடம்பு எடையில் நூற்றுக்கு அஞ்சு பங்கில் ஆரம்பித்து, பத்துப் பங்கைத் தாண்டாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு நான் ஏழு கிலோவரை போகலாம். எதற்கு அவசரம்! சித்திரை வெயிலில் பை வீட்டிலேயே ஆணியில் தொங்கும். எங்களை மாதிரி ஆட்களால் தாகத்துக்கு மடக் மடக்கென்று குடிக்க முடியாது, வாய் வாயாகத்தான் உள்ளே போகும். வறண்டுபோனால் தலை சுற்றும்.

இதைப் படித்துவிட்டு, 'அரிசி மூட்டை ஆயிரம் நோய்க்கு மருந்து' என்று யாராவது கிளம்பிவிடப் போகிறீர்கள்! ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2020-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். குண்டானவர்கள் 69 பேருக்கு எடை வைத்த அங்கி. சிலருக்கு உடம்பு எடையில் நூற்றுக்கு 11 பங்கு, மற்றவர்களுக்குப் பேருக்கு ஒரே ஒரு பங்கு. தினம் எட்டு மணி நேரம், மூணு வாரம். கனத்தைச் சுமந்தவர்களுக்கு 1.6 கிலோ குறைந்தது, மற்றவர்களுக்கு 0.3 கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எட்டு மணி நேரம் பையோடு நான் வகுப்பில் நின்றால் ஏழாம் வகுப்பு சும்மா இருக்குமா?

எலும்பு விஷயத்தில் இன்னும் சுருதி குறைகிறது. 2025-ல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆராய்ச்சியில், 150 வயசாளிகள் ஒரு வருஷம் சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கினார்கள். அதில் எடை அங்கி போட்டவர்களுக்கும் சரி, கருவிகளோடு தசைப் பயிற்சி செய்தவர்களுக்கும் சரி, இடுப்பெலும்பு தேய்வது நிற்கவில்லை. அவர்கள் என்னைப் போல ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இல்லை என்றாலும், பையை நம்பி மாத்திரையை விட முடியாது என்பது எனக்குப் போதுமான சேதி.

பிறகு ஏன் சுமக்கிறேன்? காலுக்காக. பை இல்லாத நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கிற பயிற்சி, பத்துப் பத்தாக மூணு தடவை. ரெண்டும் சேர்ந்து ஆறு மாசத்தில், போன தைப்பொங்கலுக்குத் தரையில் உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டு நானே எழுந்தேன். மருமகள் கை நீட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் நின்றாகிவிட்டது! இந்த வருஷ ஸ்கேனில் எலும்பு மேற்கொண்டு இறங்கவில்லை. அது பையாலா, முட்டை வெள்ளைக்கருவாலா, மாத்திரையாலா என்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த ஸ்கேன் வருகிற வருஷம்.

அதுவரை வீட்டில் ஒரே ஒரு தகராறுதான். மாசக் கடைசி. போன வாரம் விடியற்காலையில் பையைத் தூக்கினேன், லேசாக இருந்தது. "என்னங்க, எண்ணிப் பார்த்தா நாலு பொட்டலம்தானே இருக்கு?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது: "ராத்திரி இட்லிக்கு ஊறப்போட அரிசி இல்லைன்னு மருமக சொல்லுச்சு. இன்னைக்கு மட்டும் ஒரு சுத்து கூட நடந்துக்கோ!"